நாற்பதாம் நாள் வாழ்த்து

வியன்னா
1973 நவம்பர் 4

அன்புத் தம்பி திஹோமிருக்கு,

நான் இங்கே சுகம். தொண்டையும் சுகம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்கவேண்டும் என்று நம் வீட்டுப் புனிதர் திரிஃபோனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

'வெள்ளைக் குதிரை' மதுக்கடையில் மார்ச் வரை ஒப்பந்தம் நீட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான். வாரம் முழுக்கச் செங்கல் சுமந்துவிட்டு, சனிக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அழ வருகிறார்கள். போன வாரம் ஒரு கொத்தனார் பண நோட்டை எச்சில் தொட்டு என் நெற்றியில் ஒட்டிவிட்டு, "இன்னொரு தடவை பாடு தங்கச்சி, என் பொண்டாட்டி ஊர்ல தனியா கெடக்கா"ன்னு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிளாகோயே அக்கார்டியனை நிறுத்தாமலே, "எழுந்திருய்யா, உன் பொண்டாட்டி தனியாத்தான் இருக்காளான்னு ஊர்ல விசாரிச்சியா?"ன்னான். கடையே சிரித்தது. அந்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது முக்கியமான செய்தி. பெல்கிரேடிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனி எழுதியிருக்கிறது. மார்ச் இரண்டாம் வாரம் ஒலிப்பதிவு. நான்கு பாட்டு. அட்டையில் என் படம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கம்பெனி கூப்பிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா போனதும் அதே வாரம்தான். ஒரு வருடம் கறுப்பு கட்டினேன், வாயைத் திறக்கவில்லை. நான் பாடவேண்டிய வால்நட் மரப் பாட்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டு ரேடியோமேல் அம்மா கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தாள். அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது பக்கத்து ரோசா அத்தை வீட்டிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. அதைப் பாடியவள் இன்றைக்கு எங்கே, நான் எங்கே. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அம்மா சொன்னது முறை. ஆனால் எனக்கு முப்பத்துமூன்று ஆகிறது, திஹோ. இன்னொரு தடவை எவனும் கூப்பிட மாட்டான்.

அம்மாவின் இருமல் எப்படி? டாக்டரிடம் கூட்டிப்போ. வர மறுத்தால் தூக்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா ராதுன்கா

கோர்னி லூக்
1973 நவம்பர் 21

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல். இந்த வரியை எழுதாமல் கடிதத்தைத் தபாலில் போடக்கூடாது என்று அம்மா என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். யார் கண்டுபிடித்த வழக்கமோ தெரியவில்லை. சுகமில்லாதவனும் இதைத்தான் எழுதுகிறான். இதில் என்ன தகவல் இருக்கிறது?

அம்மா டாக்டரிடம் வரவில்லை. ஊசி போடுகிறவன் கை சில்லென்று இருக்குமாம். பிளம் சாராயத்தில் மிளகு போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறாள். ராத்திரி இருமுகிறாள், காலையில் மாடு கறக்கிறாள். நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். "படம் எடுத்தா இருமல் நின்னுடுமா? உன் கோபுரத்தைப் போய்ப் படம் எடு"ன்னுட்டாள்.

என் ஒலிபரப்புக் கோபுரம் ஒழுங்காக நிற்கிறது. ஒஷ்த்ரா மலைமேல் இப்போதே பனி இடுப்பளவு. நகரத்து வானொலி நிலையத்தில் இருக்கிறவர்கள் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை ஏழு பள்ளத்தாக்குக்கும் அனுப்புகிறவன் நான். அங்கே ஒருவனுக்கும் மின்சாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது.

கோடையில் நீ நிலையத்தில் பதிந்த நாடாவை ஒருநாள் போட்டார்கள். அம்மா கேட்டாள். 'நீ வார்த்தையின் வாலை முழுங்குகிறாய், யாரோ துரத்துகிற மாதிரி பாடுகிறாய்' என்று எழுதச் சொன்னாள். நன்றாக இருந்ததா இல்லையா என்று கேட்டேன். "கெட்டுப்போகல"ன்னாள். உனக்குத் தெரியுமே, அதற்குமேல் அந்த வாயிலிருந்து வராது. அப்பா கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மார்ச்சில் என்ன நடந்தாலும் சரி, நீ போய்ப் பாடுகிறாய். போன தடவை மாதிரி முட்டாள்தனத்துக்கு இந்த முறை நான் விடமாட்டேன்.

திஹோமிர்

கோர்னி லூக்
1974 ஜனவரி 9

பிளாகோயே அண்ணனுக்கு,

இதை ராதுன்கா பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள். படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

அம்மா போய்விட்டாள். நம் சபையின் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஜனவரி ஆறு, சாயங்காலம். நுரையீரல். நேற்று அடக்கம் செய்தோம். மண் இரும்பு மாதிரி உறைந்திருந்தது. குழி வெட்டுகிறவர்கள் நெருப்பு மூட்டி இளக்கினார்கள்.

அக்காவுக்கு நான் தந்தி கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை. நீங்களும் சொல்லக்கூடாது. காரணம் உங்களுக்குத் தெரியும். சொன்னால் அன்றைக்கே கறுப்பு கட்டுவாள். ஒரு வருடம் பாட்டு கிடையாது. மார்ச் போகும், கம்பெனி போகும், அவளும் போவாள். பிறகு நாற்பது வயதில் கல்யாண வீடுகளில் குடிகாரன் கேட்டதைப் பாடிக்கொண்டிருப்பாள். செத்தவள் காதுக்கு எதுவும் கேட்காது. கேட்காத காதுக்காக உயிரோடு இருப்பவள் வாயை மூடவேண்டும் என்பதில் என்ன நியாயம்? ஒலிப்பதிவு முடியட்டும். அடுத்த நாளே நானே வந்து சொல்கிறேன்.

ஊரில் கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா? ராதுன்காவுக்குத் தொண்டையில் அறுவை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். ஒப்ராத் மாமா மட்டும், "ஸ்தாமென்காவோட பொண்ணு தவழ்ந்துகிட்டாவது வந்திருப்பாளே"ன்னு என்னையே பார்த்தார். அம்மாவின் தம்பி இல்லையா, மூக்கு அப்படி.

ஒப்பாரி வைக்க மகள் இல்லை. ரோசா அத்தைதான் குழிமேட்டில் நின்று அழுதாள். பாதியில் அம்மாவின் பெயரை விட்டுவிட்டுத் தன் புருஷன் பெயரைச் சொல்லி அழுதாள். வயதாகிவிட்டது, பாவம். இவ்வளவு பெரிய பாடகியைப் பெற்றவளுக்கு இப்படி ஒரு ஒப்பாரி.

இன்னொன்று. இதை யாரிடமாவது சொல்லியாகவேண்டும். கடைசி நாள் அம்மா, "பொண்ணு வர்றாளா?"ன்னு கேட்டாள். "கெளம்பிட்டா"ன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். அதற்கும் அதையே சொன்னேன். பிறகு, உயிர் பிரிகிறவர் கையில் கொடுக்கிற மெழுகுவத்தியைக் கொடுத்தேன்.

நீங்கள் சுகமாக இருக்கவும்.

திஹோமிர்

வியன்னா
1974 ஜனவரி 18

டேய் இன்ஜினியர்,

உன் கடிதத்தைக் கடைக்குப் பின்னால், காலிப் பாட்டில்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று படித்தேன். ஸ்தாமென்கா அக்காவுக்கு அந்த மண் கனமில்லாமல் இருக்கட்டும். அவள் பேருக்கு ஒரு கிளாஸ் சாராயத்தை அங்கேயே பனியில் கொட்டினேன்.

உனக்குப் பைத்தியமாடா? இருபத்தைந்து வருடமாகக் குடிகாரர்களுக்கு நடுவில் அக்கார்டியன் வாசிக்கிறேன். பார்க்காத அசிங்கம் இல்லை. இது அதற்கெல்லாம் மேலே. நேற்று அவள் சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு மேஜைமேல் ஏறி ஆடினாள். கீழே நான் வாசிக்கிறேன். விரல் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. இறங்கி வந்து, "என்ன பிளாகோ, எந்த நாட்டுப் பாட்டு வாசிக்கிற?"ன்னு சிரிக்கிறாள். "குளிர்ல விரல் வெறைச்சுப் போச்சு"ன்னேன்.

நான் சொல்லவில்லை. நீ சொன்ன காரணத்துக்காக இல்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். நீயும் அதை நியாயம், காரணம் என்றெல்லாம் எழுதாதே. நம் இரண்டு பேருக்கும் பயம். மார்ச் முடிந்ததும் நீ வந்து, அவள் முகத்தைப் பார்த்து, உன் வாயால் சொல்லவேண்டும். நான் அந்த அறையில்கூட இருக்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

பிளாகோயே

வியன்னா
1974 ஜனவரி 30

தம்பி திஹோமிருக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? டிசம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பனியில் தபால்காரன் வரவில்லையா, நீ எழுதவில்லையா? அம்மாவின் இருமல் நின்றதா?

கேள். அம்மாவுக்குச் சொல்லாதே, நீயும் நானும் மட்டும். பிப்ரவரி பதினான்கு, நம் வீட்டுப் புனிதர் நாள். நான் அங்கே இல்லாத இரண்டாவது வருடம். அதனால் நகரத்து வானொலிக்குப் பணம் கட்டி வாழ்த்து அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் வருமே, 'வாழ்த்தும் விருப்பப் பாட்டும்', அதில். நானே எழுதினேன்: "கோர்னி லூக்கில் இருக்கும் என் அன்பு அம்மா ஸ்தாமென்காவுக்கு, நல்ல உடல்நலமும் நீண்ட ஆயுளும் வேண்டி, மகள் ராதுன்கா." பிறகு என் துள்ளல் பாட்டு, இங்கே புதிதாகப் பதிந்து அனுப்பியது. இதுவரை அம்மாவின் பெயர் ரேடியோவில் வந்ததில்லை. அவள் முகம் எப்படி மாறுகிறது என்று நீ பார்த்து எழுதவேண்டும். ரோசா அத்தையையும் கூப்பிட்டு உட்கார வை. பொறாமையில் இரண்டு நாள் சோறு இறங்காது.

இந்தத் தடவை வார்த்தையின் வாலை முழுங்கவில்லை என்று அம்மாவிடம் சொல். கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது. கெட்டுப்போகல என்றாலும் பரவாயில்லை. அதை வைத்துக்கொண்டு நான் மார்ச்சில் பாடிவிடுவேன்.

உன் அக்கா ராதுன்கா

ஒஷ்த்ரா மலை
1974 பிப்ரவரி 16

பிளாகோயே அண்ணனுக்கு,

அவள் வாழ்த்து அனுப்பியது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும் தடுக்கவில்லையா?

பிப்ரவரி பதினான்குதான் அம்மாவின் நாற்பதாம் நாள். எண்ணிப் பாருங்கள். புனிதர் நாளும் அதுவே என்பதால் இரண்டுக்கும் ஒரே விருந்து மேஜை போடலாம் என்று மாமா முடிவு செய்திருந்தார். காலையில் எல்லோரும் கல்லறைக்குப் போய், அவித்த கோதுமையும் மதுவும் வைத்து, மத்தியானம் வீட்டுக்குத் திரும்புவார்கள். வழியில் கூட்டுறவுக் கடை. அங்கே ரேடியோ அந்த நிகழ்ச்சிக்காகவே அலறிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடக்கிற மகள், நாற்பது நாள் மண்ணுக்குள் இருக்கிற அம்மாவுக்கு நீண்ட ஆயுள் வேண்டித் துள்ளல் பாட்டு போடச் சொல்கிறாள். ஊர் கேட்கும். யோசித்துப் பாருங்கள்.

நிலையத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னேன். பணம் கட்டிய வாழ்த்தைக் கட்டியவர்தான் நிறுத்தமுடியுமாம். அந்தப் பெண்ணிடம் காரணம் சொல்ல முடியவில்லை.

கல்லறைக்கு மட்டும் போனேன். மேஜைக்கு உட்காரவில்லை. வேலைமுறை மாற்றிவிட்டார்கள், மலைக்குப் போகிறேன் என்றேன். ஒப்ராத் மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பெத்தவளோட நாற்பதாம் நாள்ல உனக்கு கம்பம்தான் முக்கியமாடா?" மலைப் பாதையில் ஏறினேன்.

அறிவிப்பாளர் 'கோர்னி லூக்' என்று சொல்ல வாயெடுத்ததும் ஒலிபரப்பை வெட்டினேன். ஏழு பள்ளத்தாக்கிலும் சத்தமில்லை. நிலையத்திலிருந்து கம்பி வழியாக வருவது மட்டும் என் அறை ஒலிபெருக்கியில் கேட்டது. வாழ்த்து முழுக்க வந்தது. பாட்டு முழுக்க வந்தது. அதை உலகத்தில் கேட்டவன் நான் ஒருத்தன்தான். வார்த்தை ஒன்றையும் அவள் முழுங்கவில்லை.

பனியில் கம்பி தொட்டு மின்தடை என்று மேலதிகாரியிடம் சொன்னேன். திட்டினார். எனக்கு அது ஒன்றுமில்லை. இப்போது அவளுக்கு எழுதவேண்டும்.

திஹோமிர்

கோர்னி லூக்
1974 பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் மிகவும் சுகம். உன் சுகம் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறோம்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். பனி, அதோடு கோபுரத்தில் வேலை. புனிதர் நாள் நல்லபடி நடந்தது. வாழ்த்து சரியான நேரத்துக்கு வந்தது. அம்மா ரேடியோ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் பெயர் வந்ததும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். பாட்டு முடியும்வரை கேட்டாள். பிறகு, "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா பாடியிருக்கா"ன்னாள். ரோசா அத்தையும் இருந்தாள், அழுதாள்.

இருமல் குறைந்திருக்கிறது. நீ எதற்கும் கவலைப்படாமல் ஒலிப்பதிவைப் பார். அம்மா உனக்கு முத்தம் சொல்கிறாள்.

தம்பி திஹோமிர்

வியன்னா
1974 மார்ச் 3

திஹோமிருக்கு,

சுகம்.

உன் கடிதம் கிடைத்தது. பல தடவை படித்தேன். அம்மா வேறு ஏதாவது சொன்னாளா? அவள் சொன்னதை அப்படியே எழுது. நீயாக ஒன்றும் சேர்க்காதே.

பத்தாம் தேதி பெல்கிரேட் போகிறோம். இந்த முறை ஊருக்கு வரவில்லை. அம்மாவிடம் சொல்.

நீ என்னிடம் சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால், பத்தாம் தேதிக்குள் எழுது.

ராதுன்கா

பெல்கிரேட்
1974 மார்ச் 16

டேய் இன்ஜினியர்,

நான் சுகமில்லை. நீ எப்படியோ.

ஒலிப்பதிவு முடிந்தது. அவள் மார்ச் மூன்றில் போட்ட கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லையாமே. வியன்னாவிலிருந்து தபால் ஏதும் திருப்பிவிட்டார்களா என்று தினமும் ஓட்டல்காரனிடம் கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் பிப்ரவரி கடைசியிலிருந்து அவள் சிவப்புக் கவுனுக்கு உள்ளே கறுப்புப் பாவாடை கட்டுகிறாள். மேடை ஏறும்போது ஓரம் தெரிந்தது. "என்ன ராதுன்கா, உள்ள கறுப்பு?"ன்னேன். "குளிருது பிளாகோ"ன்னாள். அறைக்குள் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டுடியோவில் மூன்று பாட்டு சாதாரணமாகப் போயின. நாலாவது, துள்ளல் பாட்டு, வாழ்த்தில் போட்ட அதே பாட்டு. இரண்டாம் அடியில், மூச்சு எடுக்கக்கூடாத இடத்தில் மூச்சு எடுத்தாள். நம் ஊர்ப் பெண்கள் குழிமேட்டில் ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் எடுப்பார்களே, அந்த மூச்சு. என் விரல் நின்றுவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இயக்குநர் துள்ளிக் குதிக்கிறான்: "தொடாதீங்கய்யா! அந்த மூச்சு இருக்கட்டும்! அதுலதான் தட்டு விக்கப்போகுது!"

அவனுக்கு என்ன தெரியும்.

நீ சொன்ன தவணை முடிந்தது. வா. வந்து சொல்.

பிளாகோயே

வியன்னா
1974 ஏப்ரல் 14

திஹோமிர்,

இன்று ஈஸ்டர். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும். கை வரவில்லை.

நீ வரவில்லை. எழுதவும் இல்லை. சரி, நானே எழுதுகிறேன்.

அம்மா செத்துப்போனது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும். நீதான் சொன்னாய். 'நல்லா இருக்கு, ரொம்ப நல்லா பாடியிருக்கா' என்று எழுதினாயே, அந்த வரியில் அம்மா இல்லை. நம் அம்மா உயிரோடு இருந்தால் அதைச் சொல்லியிருக்கமாட்டாள். பிளாகோயேவிடம் போய் ஆமாவா இல்லையா என்று மட்டும் கேட்டேன். அவன் அக்கார்டியனை மடியில் வைத்துக் கட்டைகளைத் துடைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு கட்டையாக. அது போதும்.

தேதியை நம் ஊர்க்காரன் ஒருவன் சொன்னான். சனிக்கிழமை கடைக்கு வந்தவன். "தொண்டை சரியாயிடுச்சா? ஆஸ்பத்திரின்னாங்களே"ன்னு கேட்டுக்கொண்டே என் சிவப்புக் கவுனை மேலிருந்து கீழாகப் பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அன்று ராத்திரி நான் என்ன பாடினேன் என்று யோசித்துப் பார்த்தேன். குடிப் பாட்டு. மூன்று தடவை திருப்பிக் கேட்டார்கள்.

நாற்பதாம் நாளில் அவளுக்கு நீண்ட ஆயுள் வேண்டியிருக்கிறேன். அது என் கையெழுத்து.

ஒலிப்பதிவுக்கு முன்னால் நீ ஒரு வரி எழுதியிருந்தால் நான் பாடியிருக்கமாட்டேன் என்று உனக்குப் பயம். ஒருவேளை பாடியிருப்பேன். ஒருவேளை மாட்டேன். அதை முடிவு செய்யவேண்டியவள் நான். நீ எனக்கு அதைக்கூட விடவில்லை.

உள்ளே கட்டியிருந்த கறுப்பை நேற்று எடுத்துவிட்டேன். செத்த நாளில் கட்டாத கறுப்பு வெறும் துணி. இனி ஒரு வருடம் வாயை மூடி யாரை ஏமாற்ற? பாடுவேன். உனக்கு வேண்டியது அதுதானே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசியில் அம்மா என்னைக் கேட்டாளா? உண்மையை எழுது. ஒரு வரி போதும்.

ராதுன்கா

கோர்னி லூக்
1974 ஏப்ரல் 24

அக்கா,

கேட்டாள். இரண்டு தடவை. நீ கிளம்பிவிட்டாய் என்று இரண்டு தடவையும் சொன்னேன். அதனால் கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூட மாமாவால் முடியவில்லை, ரோசா அத்தைதான் மூடினாள்.

ஒரு வரி கேட்டாய். அதற்குமேல் எழுதிவிட்டேன். இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

அன்று நான் தந்தி கொடுத்திருந்தாலும் நீ அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்பாய். அந்தப் பனியில் இரண்டு நாள் ரயில் ஓடவில்லை. உன் இசைத்தட்டு வந்துவிட்டது. நகரத்தில் எல்லாக் கடையிலும் உன் முகம். நான் செய்ததை நீ எப்படி வேண்டுமானாலும் நினை, ஆனால் பலனையும் சேர்த்துப் பார். எதையும் பாதியாகக் கணக்குப் பார்க்க எனக்கு வராது.

பதில் எழுது.

திஹோமிர்

கோர்னி லூக்
1974 ஜூலை 8

அக்கா,

ஏப்ரலில் எழுதினேன், மே மாதம் எழுதினேன். பதில் இல்லை. பிளாகோயேவும் எழுதுவதில்லை. 'வெள்ளைக் குதிரை'க்குப் போன் செய்தேன். நீங்கள் ஜெர்மனியில் சுற்றுப்பயணம் என்றார்கள்.

நேற்று முன்தினம் அம்மாவின் அரை வருடம். கல் நட்டோம். நீ வருவாய் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது பஸ் மட்டும். அதற்குள் உன் பாட்டு. டிரைவர் பாட்டை நிறுத்தாமலே எங்களுக்குத் தலையைக் குனிந்துவிட்டுப் போனான்.

கல்லறை வாசலில் ஒருத்தி, யாரென்று எழுதவில்லை, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "ஆத்தா மண்ணுக்குள்ள, பொண்ணு ரேடியோக்குள்ள." மற்றவர்கள் தலையாட்டினார்கள். மேஜையில் உட்கார்ந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி பொய், அக்காவுக்கு அம்மா செத்தது தெரியாது, மறைத்தவன் நான், நாற்பதாம் நாளில் ஒலிபரப்பை வெட்டியவனும் நான். அவளைப் பற்றி ஒருவரும் தப்பாகப் பேசக்கூடாது என்றேன்.

ஒப்ராத் மாமா தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "அவ பாடினதுல குத்தமில்லடா. ஊர்ல ஒவ்வொருத்தன் சாவுக்கும் யாராவது ஒருத்தி அழுதிருக்கா. உங்க அம்மாவுக்கு அழப் பொறந்தவ அவ ஒருத்திதான். அவ வாயை நீ மூடிட்டே. பாட்டைத் தொறந்துவிட்டு அழுகையை மூடிட்டே." சொல்லிவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அம்மாவின் ரேடியோமேல் கறுப்புத் துணி இன்னும் இருக்கிறது. வருடம் முடியும்வரை எடுக்கமாட்டேன். இந்த வழக்கத்தையெல்லாம் கிண்டல் செய்தவன் நான்தான். இருக்கட்டும்.

சுகமா என்று ஒரு வரி எழுது.

திஹோமிர்

ஒஷ்த்ரா மலை
1975 பிப்ரவரி 15

அக்கா,

நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று தெரியவில்லை. கம்பெனி முகவரிக்கு அனுப்புகிறேன்.

நேற்று புனிதர் நாள். வீட்டில் மேஜை போடவில்லை, வருவதற்கு ஆள் இல்லை. மலைக்கு வந்து வேலை பார்த்தேன். கூட இருந்தவன் புதியவன், டிராகுட்டின் என்று பெயர். நல்ல பையன், வாய்தான் மூடாது. மத்தியானம் 'வாழ்த்தும் விருப்பப் பாட்டும்' வந்தது. நான் ஒலி அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் படித்தார்:

"ஒஷ்த்ரா மலைக் கோபுரத்தில் இருக்கும் என் அன்புத் தம்பி திஹோமிருக்கு, நல்ல உடல்நலமும் நீண்ட ஆயுளும் வேண்டி, அக்கா ராதுன்கா."

பிறகு அந்தப் பாட்டு.

பெயரைத் தவிர ஒரு வார்த்தை மாறவில்லை. அதே நாள், அதே நேரம். என் கை தானாக ஒலிபரப்பை வெட்டும் விசைமேல் போய்விட்டது. வெட்டவில்லை. ஏழு பள்ளத்தாக்குக்கும் போகவிட்டேன். இரண்டாம் அடியில் நீ மூச்சு எடுத்த இடத்தில் முள் அடியோடு விழுந்து, மறுபடி எழுந்தது.

டிராகுட்டின் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். "உங்கக்காவா! சொல்லவே இல்லையே அண்ணே! இவ்வளவு பெரிய பாடகி, தம்பியை மறக்கலையே!" சாயங்காலம் கீழேயிருந்து போன் மேல் போன். ரோசா அத்தை கூட்டுறவுக் கடையிலிருந்து அழுதுகொண்டே, "மன்னிச்சுட்டாடா உன்னை, மன்னிச்சுட்டா"ன்னாள். ஒப்ராத் மாமா ஒன்றரை வார்த்தை பேசினார்: "கேட்டேன். ம்." ஊர் முழுக்க அப்படித்தான் நினைக்கிறது.

உன்னிடமிருந்து அந்த வாக்கியம் முன்பு ஒரே ஒரு ஆளுக்குத்தான் போயிருக்கிறது. அன்று அவள் மண்ணுக்குள் இருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை அதுவேதான் என்று அறிந்தவர்கள் நாம் மூன்று பேர். பிளாகோயே பேசமாட்டான்.

அதனால் உன்னிடமே கேட்கிறேன். இதை இருக்கிறவனுக்கு அனுப்பினாயா, இல்லாதவனுக்கா? எது என்றாலும் எழுது. ஒரு வரி போதும்.

இப்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று எழுதச் சொல்ல யாரும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நான் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

திஹோமிர்